ஆடிச் சீராகிவிட்ட ஃப்ரிட்ஜ்

நான் நுகர்வோர் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அடிப்பாகம் பிய்ந்த செருப்பு, முதல் துவைப்பிலேயே சாயம் போன சேலை, காற்றே வராத ஏர்கூலர் என்று மதுரை ஜனங்களின் வயிற்றெரிச்சலையெல்லாம் இருபது வருடத்துக்கு மேல் கோப்பு போட்டுக் கட்டி வைத்தவன். மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி நிற்பவர்களிடம், "எதுக்குங்க பயப்படுறீங்க? நீங்க காசு குடுத்து வாங்குனவரு. பயப்பட வேண்டியது கடைக்காரன்தான்" என்பேன். அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வரும். ஓய்வு பெற்ற அடுத்த வருடமே அந்த மரியாதை போய்விட்டது. ஒரு ஃப்ரிட்ஜால் போனது.

என் ஒரே மகளை வைகாசியில் அலங்காநல்லூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கட்டிக் கொடுத்தோம். நிலம், மாடு, மாடி வைத்த வீடு. மாப்பிள்ளைக்குத் திருப்பூரில் வேலை, பதினைந்து நாளைக்கு ஒரு தடவை வந்து போவார். நல்ல பையன். அம்மா முன்னால் வாயைத் திறக்காத அளவுக்கு நல்ல பையன். மகள் மதுரையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் போகலாம் என்று பேசித்தான் முடித்தோம். பேசி முடித்ததெல்லாம் தாலி கட்டும் வரைக்குந்தான் செல்லும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சீர் சாமான்களில் ஒரு பெரிய ஃப்ரிட்ஜும் உண்டு. மதுரையில் கடையில் பணம் கட்டி, சம்பந்தி வீட்டு விலாசம் கொடுத்து, நேரே அங்கே இறக்கச் சொல்லிவிட்டேன். வந்தவர்கள் அதை மாடியில், மகள் புழங்கும் அறையில் கொண்டு போய் வைத்துவிட்டுப் போனார்கள். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது. கீழே சம்பந்தி வீட்டில் பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று, கதவு சாத்தாமல் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். புதுசு மாடிக்குப் போனதை என் மகளின் மாமியாரால் தாங்க முடியவில்லை. தயிர்க் கிண்ணத்தைக் கையில் ஏந்திப் படியேறி வந்து, "உங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல கொஞ்சம் எடம் இருக்குமா?" என்று கேட்பாராம். மகள் கீழே வைக்கலாம் என்றால், "வேணாம்மா, உங்கப்பா உனக்குன்னு குடுத்தது" என்பாராம். அதற்கு மேல் அவளோடு பேச்சே கிடையாது. சாப்பிட்டாயா என்று கூடக் கேட்பதில்லை. மாமனார், "ஆடியோட வேலைய நிறுத்திரட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆடி பிறந்ததும் போய் மகளை அழைத்து வந்தோம். ஆனையூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள் முதல் இரண்டு நாள் தூங்கிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் அம்மாவிடம், "அந்த வேலை மட்டும் இல்லேன்னா அங்க எனக்கு மூச்சு முட்டும்மா. பஸ்ல ஏறி உக்காந்தாத்தான் மூச்சே வருது" என்றாளாம். என் மனைவி அதை என்னிடம் சொன்னபோது நான் பேப்பர் படிப்பதுபோல் இருந்தேன். எனக்கு மட்டும் அங்கே என்ன அதிகாரம் இருக்கிறது?

ஆடிப் பதினெட்டுக்குத் தாலிக்கயிறு மாற்ற வேண்டும் என்று அவளைத் திருப்பி அனுப்பினோம். கூடவே ஆடிச் சீர். வேட்டி, சேலை, இனிப்பு, ஒரு பித்தளைக் குடம். குடத்தை நானே தட்டித் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன். மகளைக் கொண்டு போய் விட்டுவிட்டுக் காலையிலேயே நாங்கள் திரும்பிவிட்டோம்.

அன்று சாயங்காலம் சம்பந்தி போன் செய்தார். அவர் குரலில் அப்படி ஒரு இனிப்பை அதுவரை நான் கேட்டதில்லை.

"என்ன சம்பந்தி, இம்புட்டுப் பெரிசா செஞ்சுட்டீங்க? நாங்க ஒண்ணும் கேக்கலையே."

"நம்ம கடமைதானே சம்பந்தி" என்றேன்.

"நடு வீட்டுல வச்சிருக்கோம். தெருவே வந்து பாத்துட்டுப் போகுது."

குடத்தையா தெருவே வந்து பார்க்கிறது என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. கனமான குடம்தான், இருந்தாலும். ஆனால் பெண்ணைக் கொடுத்தவன், சம்பந்தி புகழும்போது எதைச் சொல்கிறீர்கள் என்று குறுக்கே கேட்க முடியுமா? கொடுத்தது என்னவென்றே தெரியாதவன் மாதிரி ஆகிவிடும். "எங்களால முடிஞ்சது அம்புட்டுதான்" என்று பணிவாகச் சொல்லி வைத்தேன். அந்தப் பணிவுக்கு இன்றைக்கும் என்னை மன்னிக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வாரம் எங்கள் வீட்டில் விளக்கேற்றி வைத்தது போல இருந்தது. மகள் போனில் பேசும் குரலே மாறிவிட்டது. மாமனாரே தினமும் பைக்கில் கொண்டு போய் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறாராம். மாமியார் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாராம். வேலையை நிறுத்தும் பேச்சே இல்லையாம். "எப்படிடி இப்படி மாறுனாங்க?" என்று என் மனைவி கேட்டதற்கு, "தெரியலம்மா, நல்லா இருக்காங்க" என்று சொன்னாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் தோண்டவில்லை. தானாக வந்த நல்லதைத் தோண்டிப் பார்க்கிற பழக்கம் யாருக்கு இருக்கிறது?

ஆவணி கடைசியில் கடையிலிருந்து மேனேஜர் போன் செய்தார். சின்ன வயதுக் குரல்.

"சார், உங்க ஒரே பில்லுக்கு ரெண்டு தடவை ஃப்ரிட்ஜ் போயிருக்கு. வைகாசில ஒண்ணு, ஆடிப் பதினெட்டு அன்னிக்கு ஒண்ணு. மொதத் தடவை எறக்குனத பில்லுல குறிக்காம விட்டுட்டாங்க. ஆடித் தள்ளுபடி கூட்டத்துல புதுப் பையன் ஒருத்தன் அது இன்னும் போகலன்னு நெனச்சு ஏத்திவிட்டுட்டான். ஸ்டாக் எடுக்கையிலதான் தெரிஞ்சுச்சு. பொருளைக் குடுத்துருங்க சார், இல்ல ரேட்டைக் கட்டிருங்க."

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. ஓய்வு பெற்ற பிறகு இப்படி ஒரு வாய்ப்புக்காகத்தான் காத்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

"தம்பி, ரெண்டாவது ஒண்ணு வேணும்னு நான் கேட்டேனா? நான் கேக்காத சரக்கை நீங்களா அனுப்பிட்டு என்கிட்ட ரேட்டுக் கேப்பீங்களா? தப்பு உங்களது. எந்த வீட்டுல எறக்குனீங்களோ அங்க வண்டிய விட்டு நீங்கதான் எடுத்துக்கணும். வண்டிச் செலவும் உங்களது. மறுபடி பணம்னு பேசுனா நோட்டீஸ் வரும்."

மேனேஜர் மிரண்டுதான் போனார். "விசாரிச்சுட்டுக் கூப்பிடுறேன் சார்" என்று வைத்துவிட்டார். மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "கோர்ட்டு இன்னும் ஒங்கள விட்டுப் போகல" என்றாள். நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

கால் மணி நேரத்தில் வாட்ஸாப்பில் ஒரு படம் வந்தது. சாமான் இறக்கியதற்கு அத்தாட்சியாகக் கடைப் பையன்கள் எடுத்த படம். சம்பந்தி வீட்டு நடு வீடு. புது ஃப்ரிட்ஜுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகை சாத்தியிருந்தார்கள். ஒரு பக்கம் மாமியார், பட்டுச் சேலை கட்டி. இன்னொரு பக்கம் ஆரத்தித் தட்டோடு என் மகள். மாமியாரின் கை என் மகள் தோளில் இருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாண ஆல்பத்தில் கூட அவள் அப்படிச் சிரித்த படம் ஒன்றும் இல்லை.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாய்ப் புரிந்தது. தெரு வந்து பார்த்தது குடத்தை அல்ல. பெண் வீட்டார் பெயர் போட்ட பில்லோடு, ஆடிப் பதினெட்டும் அதுவுமாக, ஒரு ஃப்ரிட்ஜ் வாசலில் வந்து இறங்கினால் எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கடைக்காரன் தப்பு என்று நினைக்க மாட்டார்கள். சீர் என்றுதான் நினைப்பார்கள். நானும் வேறு, கடமைதானே என்று சொல்லி முத்திரை குத்திவிட்டேன். மகளின் அந்த ஐந்து வாரமும் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்திருக்கிறது.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"நீங்க சொன்னது நியாயம் சார். எங்க வக்கீலையும் கேட்டோம். உங்ககிட்ட ரேட்டுக் கேக்க முடியாதுன்னுட்டாரு. நீங்க சொன்ன மாதிரி அந்த வீட்டுக்கே வண்டிய அனுப்பி, எங்க செலவுல எடுத்துக்கிறோம். நாளைக்கே அனுப்பிரவா?"

என் வாதம் முழுசாக ஜெயித்துவிட்டது. என் வாழ்நாளில் எந்த மனுதாரரும் இவ்வளவு சீக்கிரம் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

"தம்பி, அங்க மட்டும் வண்டி அனுப்பாதீங்க" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது. "அது எங்க சம்பந்தி வீடு. பொண்ணக் குடுத்திருக்கோம்."

விலையைக் கட்டித் தொலைத்துவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. கல்யாணத்துக்கு வாங்கிய கடனே கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. இனிமேல் அடகு வைக்க என் மனைவியிடம் தாலியைத் தவிர ஒன்றும் இல்லை. சட்டத்திலும் எனக்கு ஒளிய இடமில்லை. தெரியாமல் வாங்கி வைத்தது குற்றமில்லை. இன்னொருவன் பொருள் என்று தெரிந்த பிறகு திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இதையும் நானே எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜர் கெட்டவர் இல்லை. "பத்து நாள் பொறுத்துக்கிறேன் சார். அதுக்குள்ள நீங்களே பக்குவமா அவங்ககிட்ட சொல்லி வச்சிருங்க" என்றார். அதைவிட நியாயமாக ஒரு கடைக்காரர் நடந்துகொள்ள முடியாது. அதனால் கோபப்படக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது.

ஆறாவது நாள் கிளம்பிப் போனேன். பஸ்ஸில் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாகக் கோத்துக்கொண்டேன். "சம்பந்தி, ஒரு சின்ன தப்பு நடந்து போச்சு" என்று தொடங்க வேண்டும். பிறகு சிரிக்க வேண்டும். சிரித்துச் சொன்னால் பெரிதாகத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டில் எதையும் சிரித்துத்தானே சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சம்பந்தி எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனார். அந்த ஃப்ரிட்ஜுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார வைத்தார். குங்குமம் அப்படியே இருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பெண் வந்து இட்லி மாவுச் சட்டியை எடுத்துப் போனாள். இன்னொருத்தி மறுநாளைக்குக் கட்ட வேண்டிய மல்லிகை மொட்டுப் பையை வைத்துவிட்டுப் போனாள். எதிர்வீட்டுக்காரருக்குப் போடும் சர்க்கரை ஊசி மருந்தும் உள்ளேதான் இருக்கிறது என்று மாமியார் கதவைத் திறந்து காட்டினார்.

"ஊருக்கே பொதுவா ஆயிருச்சு சம்பந்தி" என்றார் சம்பந்தி. "எங்க மருமக வீட்டுச் சீருன்னு எல்லாருக்கும் ஒரே பேச்சு. நாங்க முன்னாடி எதாச்சும் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீங்க."

மகள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். மாமியார் உள்ளேயிருந்து, "ஆத்தா, அப்பாவுக்கு மோர் ஊத்திக் குடு" என்றார். அவள் ஃப்ரிட்ஜைத் திறந்து மோர்ச் செம்பை எடுத்து, தம்ளரில் ஊற்றி என்னிடம் கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் செம்போடு பக்கத்திலேயே நின்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோர் நல்ல ஜில்லென்று இருந்தது.

"என்ன சம்பந்தி, திடீர்னு?" என்று கேட்டார் அவர்.

"சும்மாதான். பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான் நான் சொன்னது. ஊர்க்காரர்களின் மனுவையெல்லாம் தப்பில்லாமல் எழுதிக் கொடுத்தவனுக்கு அங்கே ஒரு வாக்கியம் வரவில்லை. பொழுது சாய்ந்ததும் பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். நேரம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அதன் பிறகு நான்கு நாட்கள் இருந்தன. மகளுக்குப் போன் செய்து அவளிடமாவது சொல்லியிருக்கலாம். தினமும் போனை எடுத்தேன், வைத்தேன். பத்தாம் நாள் காலையில் கடைக்குக் கூப்பிட்டு இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று நினைத்தேன். அதையும் செய்யவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி போகட்டும் என்றுதான் மனதின் ஒரு மூலையில் இருந்தது. நான் சொல்ல வேண்டியதை வண்டி சொல்லிவிடும் என்று கோழையின் கணக்கு.

வண்டி போனது. மதியம் சம்பந்தி போன் செய்தார்.

"கடைக்காரன் வந்து ஃப்ரிட்ஜ எடுத்துட்டுப் போறான் சம்பந்தி. தப்பா வந்துருச்சுன்னு சொல்றான். உங்களுக்குத் தெரியுமா?"

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியாதே சம்பந்தி."

 வைக்கிறேன் என்று கூடச் சொல்லாமல் அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று மகளுக்கு வார விடுமுறை. வீட்டில்தான் இருந்திருக்கிறாள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவரவர் மாவையும் பூவையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பொருள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று கடைப் பையன்கள் சொன்னதால், ஈரத்துணியை நனைத்து அந்தக் குங்குமத்தை என் மகளே துடைத்திருக்கிறாள். ரசீதிலும் அவள்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். மாமியாரிடம், "அப்பாவுக்கு இது தெரியாது அத்தை. தெரிஞ்சிருந்தா மொதல்லயே சொல்லியிருப்பாரு" என்று எனக்காகச் சத்தியம் செய்திருக்கிறாள். 

கடையிலிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறார்களாம், ஒத்துழைப்புக்கு நன்றியாம். புகார் எழுதலாம் என்று கூட உட்கார்ந்தேன். பழக்க தோஷம். கடையின் அலட்சியத்தால் மனுதாரருக்கு ஏற்பட்ட இழப்பு என்று எழுதியதற்கு மேல் பேனா போகவில்லை. கடைக்காரன் எனக்கு விற்றது ஒரு ஃப்ரிட்ஜ், அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிறது. கூட வந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்கு ஒரு குறையும் இல்லை. சட்டத்தின் கண்ணில் நான் ஒரு திருப்தியான வாடிக்கையாளன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் தனியாக வந்தாள். மெலிந்திருந்தாள். மாடி ஃப்ரிட்ஜைக் கீழே இறக்கிவிட்டார்கள் என்றாள். நான் கேட்டதால்தான் மீதியையும் சொன்னாள். குடுத்த சீரைத் திருப்பி எடுத்த வீடு என்று தெருவில் பேச்சாம். மாமனார் இப்போது பைக்கை எடுப்பதில்லையாம். வீட்டில் ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். செப்டம்பர் கடைசியோடு வேலையை விட்டுவிட்டாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. "அவங்கள சும்மா விடக் கூடாது. வேலைக்குப் போகலாம்னு பேசித்தானே குடுத்தோம்? கோர்ட்டுக்குப் போவோம். நான் எழுதுறேன்" என்றேன்.

"என்னன்னுப்பா எழுதுவீங்க?" என்றாள். "ஃப்ரிட்ஜ் போனதுலருந்து எங்கூட யாரும் பேசுறதில்லைன்னா?"

அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்மா அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தீங்கள்ல, அப்பவே உங்களுக்குத் தெரியும்லப்பா?"

தலையை ஆட்டினேன்.

"எனக்கு அது வந்த அன்னிக்கே தெரியும். பில்லப் பாத்தேன், அதே நம்பர். எங்கப்பாவால ரெண்டு வாங்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? சொல்லணும்னுதான் போனேன். அதுக்குள்ள அத்தை தோள்ல கையப் போட்டு ஆத்தான்னு கூப்பிட்டாங்க. அந்த வீட்டுல யாரும் என்னைய அப்படிக் கூப்பிட்டதே இல்லப்பா. வாயத் தொறக்க முடியல. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு அஞ்சு வாரம் ஓடிருச்சு."

சேலைத் தலைப்பை விட்டுவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"நீங்க வந்து உக்காந்ததும், இன்னைக்கு எல்லாம் முடிஞ்சுச்சுன்னு நெனச்சுத்தான் மோர ஊத்துனேன். நீங்க ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போனீங்க. சரி, அப்பா எப்படியோ பேசி முடிச்சுட்டாரு, கோர்ட்டுல இருந்தவரு, அதான் நிம்மதியாப் போறாருன்னு நெனச்சேன். அன்னிக்குத்தான் அந்த வீட்டுல நான் நல்லாத் தூங்குனேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள், சாப்பிட்டோம். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், நேரமானால் அங்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவள் கிளம்பினாள். நானும் ஸ்டாப் வரைக்கும் கூடப் போனேன். பஸ் வரும் வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். போகாதே, இங்கேயே இருந்துவிடு என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை.

பஸ் வந்தது. படியில் ஒரு காலை வைத்தவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்குப்பா பயப்படுறீங்க? நான் பாத்துக்கிறேன். வாரேன்" என்றாள்.